ஒற்றைக்கால்

வெளியாள் ஒருவர் உள்ளே வந்து
யோகமலருக்கு உடுப்பு மாற்றுவதா என்று
பதினெட்டு மாதம்
ஒற்றைக்காலில் நின்றேன்.
பேர்த்திலிருந்து மகள் போனில் அழுதாள்:
"அப்பா, நீங்களும் விழுந்தால்
ரெண்டு பேரையும் ஆர் தூக்கிறது?"
நான் விழமாட்டேன் என்றேன்.
அப்படி ஒரு திட்டம் என்னிடம் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் தந்தார்கள், தமிழில்.
பராமரிப்பாளர்களுக்கு, என்று தலைப்பு.
யாருக்கோ உரியதென்று மடித்து வைத்தேன்.
நான் புருசன்.

இப்போது புதன் காலை ஒன்பதரைக்கு அஸ்மிதா வருகிறாள்.
நேபாளத்துப் பிள்ளை. சப்பாத்தை வாசலில் விட்டு
நேரே குசினிக்குப் போய்க் கை கழுவுவாள்.
பன்னிரண்டரை வரை நான் வெளியே.

முதற் கிழமை
தெருமுனையில், ஜக்கரண்டா மரத்தின் கீழ்
காரை நிறுத்தினேன்.
கண் விழித்தபோது பன்னிரண்டு இருபது.
பெல்ற்றைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.
முன்கண்ணாடி முழுக்க ஊதாப் பூ.

இரண்டாம் கிழமை கடைக்குப் போனேன்.
அவளுக்கு நப்பி,
தண்ணீரைத் தடிப்பாக்குகிற மா,
நன்றாய்ப் பழுத்த பப்பாசி.
எனக்கென்று எதுவும் ஞாபகம் வரவில்லை.
ஒன்றரை வருடமாய் என் சாப்பாடு
அவள் மிச்சம் விட்டது,
சிங்குக்குப் பக்கத்தில் நின்றபடி.

பிறகு டொக்டர்.
அவளுடைய கோப்பை மூடிவிட்டு
கதிரையை என் பக்கம் திருப்பினார்.
"உங்களுக்கு?"
எனக்கென்ன, என்றேன்.
அவளுடைய சீனி, உப்பு, பிரஷர் எல்லாம்
நித்திரையிலும் ஒப்புவிப்பேன்.
என் கையில் பட்டி இறுகித் தளர்ந்தது.
நூற்று எழுபத்திரண்டு.
யாரோ அயலவரின் வீட்டு இலக்கம் போல
அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வென்ற்வேத்வில்லில், நீச்சல் தடாகத்துக்குப் பின்னால்
ஒரு மண்டபம். குளோரின் மணம்.
பதினொரு பேருக்கு
விழாமல் இருக்கப் பழக்குகிறார்கள்.
சுவரைத் தொடாமல் ஒரு காலில்
பத்து எண்ணும்வரை நிற்கச் சொன்னாள் கெரின்.
நாளுக்கு ஆறு தரம்
ஐம்பத்தெட்டுக் கிலோ மனுசியைத்
தூக்கி இருத்துகிறவன் நான்.
நாலில் சாய்ந்தேன்.

பக்கத்தில் நின்ற ஸ்தாவ்ரோஸ் தோள் தந்தார்.
அவர் மனைவிக்கு மறதி.
தேத்தண்ணி இடைவேளையில்
நாங்கள் கதைத்தது மலச்சிக்கலைப் பற்றி,
இருபது நிமிடம், குரல் தாழ்த்தாமல்.
இவ்வளவு லேசாய் நான்
யாரோடும் கதைத்துக் கனகாலம்.

வீட்டுக்கு வந்தால், கோப்பை துடைத்த மாதிரி.
முழுச் சோறும் சாப்பிட்டாளாம் அஸ்மிதாவோடு.
என்னோடு பாதிதான்.
வயிறு கொஞ்சம் எரிந்தது,
பொய் சொல்லக்கூடாது.

பல் விளக்கும்போது பழகுங்கள் என்றிருந்தாள் கெரின்.
இரவு, பேசினுக்கு முன் வலது காலைத் தூக்கினேன்.
வாசலில், சக்கரக் கதிரையில் யோகமலர்.
பக்கவாதம் அவள் வாயிலிருந்து
என் பெயரைக் கொண்டுபோனது,
பிள்ளைகளின் பெயரையும்.
தண்ணீருக்குக்கூட விரல்தான் நீட்டுவாள்.

"ஒண்டு" என்றாள்.

நுரையோடு திரும்பினேன், கால் தரையில்.
வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள்.
திரும்பத் தூக்கு என்று விரல்.
ஒண்டு. ரெண்டு. மூண்டு.
எனக்கு இதை எவரும் சொல்லவில்லை,
சொற்கள் குடிபெயர்ந்த வீட்டில்
எண்கள் தங்கியிருக்கலாம் என்று.

காலையில் ஒரு தரம், இரவில் ஒரு தரம்.
சில நாள் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவுவாள்,
எனக்கு லாபம்.
நேற்று ஒம்பதில் நிறுத்திவிட்டாள்.
மறந்துபோனாளா என்று
கண்ணாடிக்குள் தேடினேன்.
முப்பத்தொன்பது வருடமாய்
எனக்குத் தெரிந்த பார்வை,
வேண்டுமென்று செய்கிற பார்வை.

தொடை நடுங்குகிறது.
வாய் நிறைய நுரை.
நிற்கிறேன், ஒற்றைக்காலில்,
அவள் பத்துச் சொல்லட்டும்.