மறை எண்பது

வடபிராந்திய நிர்ப்பீடனவியலாளர் கழகம்.
அங்கத்தவர் இருபத்துமூன்று பேர்,
சந்தா கட்டியவர் பதினொன்று.
மார்கழிச் செய்தியை நான் எழுதவேண்டும்,
தை பிறந்து ஒன்பது நாள்.

முதலில் நல்ல சேதிகள்.
பர்சானாவுக்குப் பெண்குழந்தை.
தாய்ப்பாலில் இறங்கும் பிறபொருளெதிரிதான் அவளுடைய ஆய்வு,
இனி மாதிரிக்கு வீடுவீடாய் அலையத் தேவையில்லை என்று
மன்னாரிலிருந்து போனில் சிரித்தாள்.
இதயகீதனின் சுவரொட்டிக்குக் கொழும்பில் இரண்டாம் பரிசு.
நவநீதராசா சேர் இளைப்பாறினார்.
பிரியாவிடைக் கேக்கில் 'நிர்ப்பீடனம்' என்று எழுதச் சொன்னோம்.
கரடிப்போக்குப் பேக்கரிக்காரன் 'நிர்ப்பந்தம்' என்று எழுதியிருந்தான்.
அந்தச் சொல் கிடந்த துண்டையே
சேர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இனிக் குளிரூட்டி.

பதினேழாம் திகதி இரவு.
இரணைமடு வான்கதவுகள் திறந்த மழை.
அறிவியல் நகரில் ஏழரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் நாற்பது நிமிடம் இருமிவிட்டுப் படுத்தது.
மறை எண்பது
மறை எழுபத்தொன்றாகி
மறை அறுபத்துநாலாகி
சிவப்பு எழுத்தில் படியிறங்கி வந்தது.
உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு குழாய்கள்,
எலிக்காய்ச்சலில் தப்பிய வயற்காரரின் சீரம்.
அக்கராயன், கனகராயன்குளம், முத்தையன்கட்டு,
நாலு போகம் சேற்றில் நடந்து சேர்த்தது.

பொருளாளர் பகீரதி போனோடு நின்றாள்.
முல்லைத்தீவில் ஐஸ் தொழிற்சாலை பூட்டு.
ஆஸ்பத்திரியில் தடுப்பூசிக்கே இடம் காணாது.
யாழ்ப்பாணம், 'விடியட்டும் பாப்பம்.'
கடைசியில் ஆரோ தந்த இலக்கத்தில்
மிருக வைத்தியர் கமலரூபன்.
'என்னட்ட நைதரசன் கிடக்கு, கொண்டு வாறன்.'

பசுக்களைச் சினைப்படுத்த விந்து வைக்கும் தாங்கி.
சாரத்தை மடிச்சுக்கட்டி
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் அதைக் கட்டிப்பிடித்தபடி
முழங்காலளவு தண்ணீரில் வந்திறங்கினார்.
ஜேர்சிக் காளைகளை ஒருபக்கம் ஒதுக்கியும்
முந்நூற்று எண்பதுக்குத்தான் இடம்.

முப்பத்திரண்டை விடவேண்டும்.
எதை?

டோர்ச் வெளிச்சத்தில் பகீரதி படிவங்களைப் புரட்டினாள்.
நிரப்பாத படிவத்துக்குரிய குழாய்
ஆய்வுக்கு உதவாது, அதுதான் விதி, விதி சரி.
எழுபத்தாறாம் இலக்கம், முத்தையன்கட்டு, பெண், நாற்பத்தொன்பது.
'முன்னர் ஏற்பட்ட நோய், காயம்' என்ற இடம் வெறுமை.
எனக்கு அவவை ஞாபகம்.
ஊசி குத்த நீட்டிய கையை நீட்டியபடியே கேட்டா,
'எத்தினை வரி எழுதலாம், தம்பி?'
ஒரு வரிதான் அம்மா, என்றேன்.
'அப்ப விடுங்கோ.'

எழுபத்தாறு விடியற்காலை நாலுமணிக்கு
உருகி வெறும் மஞ்சள் தண்ணீரானது.

பொதுக்கூட்டம் இருபத்தெட்டில் நடந்தது.
கமலரூபனை அங்கத்தவராக்கும் பிரேரணை.
யாப்பு நாலாம் பிரிவின்படி மாட்டு வைத்தியருக்கு இடமில்லை.
தன்னது எது பிறிது எது என்று
ஆயுள் முழுக்கப் படித்தவர்கள்
ஒன்றரை மணித்தியாலம் தொண்டை கிழியக் கத்தினோம்.
அந்த மனிசன் பின்வாங்கிலிருந்து றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு
சந்தாக் காசை மேசையில் வைத்து
பற்றுச்சீட்டுக் கேட்டார்.
பகீரதி எழுதிக் கொடுத்துவிட்டாள்.
வாக்கெடுப்பை எல்லாரும் மறந்துபோனோம்.
சந்தா கட்டியவர் இப்போது பன்னிரண்டு.

புதிய படிவம் அச்சில்.
அந்தக் கேள்விக்குக் கீழே முழுப்பக்கம் விட்டிருக்கிறோம்,
கடதாசிச் செலவு கூடுமென்று
கணக்காய்வாளர் குறிப்பெழுதியிருக்கிறார்.
மழை விட்டால் வாற செவ்வாய்
முத்தையன்கட்டுக்குப் போகலாம்.
திரும்பவும் கை நீட்டுவாவோ தெரியாது.

டீசல் கணக்கு அடுத்த இதழில்.