முழங்கால் உயர வேலி

கால்வெஸ்டன் தீவு, அவென்யூ எல்.
மண்ணுக்குள் எங்கோ ஒரு பழைய குழாய் கசிகிறது,
தண்ணீர் பில் எகிறிவிட்டது என்று
அர்லீத்தா புரூஸார் கூப்பிட்டிருந்தாள்.
போலிவர் போகும் ஃபெர்ரியில்
கார்களை வரிசைகட்டி நிறுத்துபவள்.
"ஐந்து மணிக்கு ஷிஃப்ட். அதற்குள் குழியை மூடிவிடு."

வீட்டு முன்னே இரும்பு வேலி.
முழங்கால் உயரம்.
நாயும் தாண்டும், பந்தும் தாண்டும்.
யாரைத் தடுக்க இந்த வேலி என்று
பதினொரு வருடமாய் இந்தத் தெருவில் குழாய் பார்க்கும் நான்
ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டடி தோண்டினேன். மணல்.
மூன்றடி. மணல், உடைந்த சிப்பி, மணல்.
நாலாவது அடியிலும்
வேலி இறங்கிக்கொண்டே இருந்தது.
ஆளுயர வேலி அது.
கழுத்துவரை புதைந்து
தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரம், செப்டம்பர், சனிக்கிழமை.
வளைகுடா ஒரு பக்கமிருந்து வந்தது,
துறைமுகம் மறுபக்கமிருந்து.
நடுத்தெருவில் இரண்டும் கைகுலுக்கின என்பார்கள்.
கைகுலுக்கல் இல்லை அது,
கடல்கோள்.
ஆறாயிரம் என்பது ஒரு கணக்கு, எட்டாயிரம் இன்னொன்று;
எண்ணுவதற்கும் ஆள் மிஞ்ச வேண்டுமே.
துப்பாக்கி முனையில் கறுப்பின ஆண்களை நிறுத்திப்
பிணங்களைப் படகில் ஏற்றவைத்தார்கள்.
எடை கட்டிக் கடலில் இறக்கினார்கள்.
முகவரி தவறிய தபால்போல
கடல் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து
கரையில் வைத்தது.
பிறகு நெருப்பு. வாரக்கணக்கில்.

ஊரை விட்டுப் போயிருக்கலாம்.
பருத்தி இருந்தது, கப்பல் இருந்தது,
எல்லாவற்றுக்கும் மேல் பிடிவாதம் இருந்தது.
பதினேழு அடிக்குச் சுவர் எழுப்பினார்கள்.
அப்புறம்தான் அந்தப் பைத்தியக்கார யோசனை:
ஊரையே தூக்கு.

ஒரு வீட்டுக்கு அடியில் எழுபது ஜாக்கிகள்,
முரசு ஒரு தட்டு, கால் சுற்று.
மறு தட்டு, கால் சுற்று.
மேலே ஜன்னலோரம் யாரோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்க
வீடு, நகம் வளர்வதுபோல வளர்ந்தது.
துறைமுகத்துச் சேற்றைக் குழாயில் அடித்து
அடியை நிரப்பினார்கள்
(என் தொழில்தான், கொஞ்சம் பெரிய அளவில்).
வருடக்கணக்கில் ஊர் பலகைமேல் நடந்தது,
செத்த மீன் நாற்றத்தில் காதலித்தது,
கடனுக்கு மாவு வாங்கியது.
உப்பில் மரங்கள் பட்டுப்போயின;
அரளி மட்டும் திரும்ப வந்தது.

கல்லறைத் தோட்டத்திலும் மணல் ஏறியது.
காசிருந்தவர்கள் கல்லைத் தூக்கி வைத்தார்கள்.
இல்லாதவர்கள் பெயர் கீழேயே தங்கிவிட்டது.
அதன்மேல் வேறொருவர். அவர்மேல் இன்னொருவர்.
மே மாதம் மஞ்சள் பூ மூடிக்கொள்ளும்,
யார் எந்தத் தளம் என்று தெரியாது.

குழிக்குள் நான் நிற்கும்போது
சுற்றுலா வண்டி ஒன்று ஊர்ந்து போனது.
வார்ப்பிரும்பு முகப்புகள், மாளிகைகள்,
வெள்ளம் ஏறிய உயரத்தில் சுவரில் அறைந்த தகடுகள்,
எல்லாம் ஒலிபெருக்கியில் வரிசையாய் வந்தன.
"விடுதலை ஆணையை இந்த ஊரில்தான் வாசித்தார்கள்,
ஜூன் பத்தொன்பது. இரண்டரை வருடம் தாமதமாக."
"கப்பல் லேட்டா?" என்று ஒரு பையன் குரல்.
வழிகாட்டி இருமினாள்.
வண்டி திருப்பத்தில் மறைந்தது.

புதுக் குழாய் நேராய்ப் போக
வேலியில் ஒரு கம்பியை அறுக்க வேண்டும்.
ரம்பம் கையில்தான் இருந்தது.
கம்பியில், அவ்வளவு ஆழத்தில்,
பச்சைப் பெயின்ட் இன்னும் பச்சையாய் இருந்தது.
இரண்டு எல்போ போட்டுச் சுற்றிக் கொண்டுபோனேன்.

பில்லைப் பார்த்தாள் அர்லீத்தா.
"இந்தப் பதினான்கு டாலர் எதற்கு?"
"வேலி குறுக்கே இருந்தது."
"எது, இந்த முழங்கால் வேலியா?"

மணி நாலே முக்கால்.
குழியை மூடிவிட்டிருந்தேன்.