ஷீட் கணக்கு

பனச்சமூடு சந்தையில்
மீன்காரி உட்கார்ந்திருப்பது தமிழ்நாட்டில்,
அவள் கழுவி ஊற்றும் தண்ணீர் ஓடுவது கேரளத்தில்.
அங்கிருந்து மேட்டில் ஏறினால்
முந்நூற்றுப் பதினாறு ரப்பர் மரம்.
என்னுடையதல்ல. டென்னிசன் சாருடையது.
சார் மஸ்கட்டில்.

மூன்றரைக்கு எழும்புவேன்.
நெற்றியில் விளக்கைக் கட்டும்போது ஒரு வரி ஜெபம்.
பல நாள் அதுவும் பாதியில் நிற்கும்,
செருப்புக்குள் தேள் உண்டா என்று தட்டிப் பார்ப்பதில்.
மீதியைக் கத்தி சொல்லும்.

பட்டையில் ஒரு நூல் கனம்.
ஆழம் போனால் மரம் புண்ணாகும்,
மேலோடு போனால் பால் வராது.
பதினெட்டு வருஷமாக இந்தக் கை
அந்த ஒரு நூலைத் தேடிக்கொண்டிருக்கிறது.
கிடைக்கிற நாளும் உண்டு.

கன்வென்ஷன் பந்தலில் எல்லாரும் அழுதார்கள்.
நான் தூங்கிப்போனேன்.
றோஸ்லெட் இடித்து எழுப்பினாள்.
"கர்த்தருக்காக எதை விட்டாய்?"
பிரசங்கியார் கேட்டுக்கொண்டிருந்தார்.
என் ஞாபகத்தில் வந்தது
ஓடைக்கரை வரிசையில்
சிரட்டை கவிழ்ந்து கிடந்த ஒரு மரம்.

பால் எடுத்து, அரித்து, ஆசிட் விட்டு,
உறைந்ததை ரோலரில் தள்ளி,
புகைப்புரையில் தொங்கவிட்டு,
சாயங்காலம் நோட்டில் எழுதுவேன்:
ஷீட் பதினொன்று.
ஷீட் பன்னிரண்டு.
மழை, வெட்டு இல்லை.
ஷீட் ஒன்பது.

யாரும் கேட்டதில்லை.
சாரின் மச்சினன் மாசம் ஒருமுறை
ஜீப்பில் வந்து அள்ளிப்போவான், எண்ணமாட்டான்.
ஐந்து மாசமாக சாரின் ஃபோன் இல்லை.
கூலி மட்டும் பேங்கில் விழும், தேதி தவறாமல்.

"அவருக்க மரம் எத்தறன்னு அவருக்கே தெரியாது,
நீ எழுதி வச்சு யாருக்குக் காட்டப் போற?"
எட்வின் கேட்டதில் கோபம் இல்லை.
முதுகு ஒடிந்து படுத்திருக்கிற மனுஷன்
கூரையைப் பார்த்துக் கேட்டது.
நானும் கூரையைத்தான் பார்த்தேன்.
நாலு ஓடு மாற்ற வேண்டும்.

ஆடியில் ஒரு மாசம் வெட்டே இல்லை.
மகளுக்கு இழுப்பு வந்தது.
காய்ந்து தொங்கியதில் மூன்று ஷீட்டை உருவி
பாலித்தீன் பையில் மடக்கி
ரோட்டைத் தாண்டினேன்.
ரோட்டைத் தாண்டினால் வேறு மாநிலம்.
வெள்ளறடைக் கடைக்காரனுக்கு என்னைத் தெரியாது.
தராசில் போட்டான், முகம் பார்க்கவில்லை.
அவ்வளவு எளிது.
இவ்வளவு எளிது என்று தெரியாமலே
இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

இன்ஹேலரை இழுத்து மகள் உறங்கினாள்.
நோட்டைத் திறந்தேன்.
பேனா எழுதவில்லை, உதறினேன்.
ஷீட் மூன்று. நான் எடுத்தது.
விற்றது முந்நூற்று இருபது ரூபாய்.
அதன் கீழே காரணம் எழுதப் போய்
பாதியில் அடித்துவிட்டேன்.
காரணம் அவருக்குத் தெரியும்.
எந்த அவர் என்று கேட்காதீர்கள்,
அந்த ராத்திரி எனக்கும் பிரித்துச் சொல்ல வரவில்லை.

அடுத்த கூலியில் முந்நூற்று இருபதை எடுத்து
அந்தப் பக்கத்திலேயே வைத்தேன்.
இரண்டு முறை அரிசிக்கு எடுத்தேன்.
இரண்டு முறையும் திரும்ப வைத்தேன்.

போன வியாழக்கிழமை சார் கூப்பிட்டார்.
நோட்டை மடியில் விரித்தேன், விரல் அந்த வரியில்.
"கனகபாய், அங்கே மழையா?"
"ஆமா சார். நல்ல மழை. சார், ஒரு கணக்கு சொல்லணும்."
"கணக்கு இருக்கட்டும். ஃபோனைக் கொஞ்சம் வெளியே பிடி,
சத்தம் கேக்கட்டு."

பிடித்தேன்.
முந்நூற்றுப் பதினாறு மரத்தின் இலையிலும் பெய்தது.
நோட்டு நனையாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மழையை விடச் சத்தமாகச் சொன்னேன்.
மூன்று ஷீட் சார். நான்தான்.
காதில் வைத்தபோது லைன் இல்லை.
எப்போது அறுந்ததோ.

மறுபடி கூப்பிடுவார். மறுபடி சொல்ல வேண்டும்.

மூன்றரைக்கு மழை விட்டிருந்தது.
செருப்பைத் தட்டினேன்.
பட்டையெல்லாம் ஈரம்.
காயட்டும் என்று முதல் மரத்தடியில்
கத்தியோடு நின்றேன்.