வெட்டு இல்லாத காலை

வாயைத் திறந்து பார்த்துவிட்டு
ஆறு வயது, ஏழுகூட இருக்கலாம் என்றார்
தக்கலை கால்நடை மருத்துவர்.
பல் தேய்ந்தது கல்லைக் கடித்தா, சங்கிலியைக் கடித்தா
என்று கேட்டேன்.
அதெல்லாம் பல்லில் எழுதியிருக்காது என்றார்.

மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில்
வாழைக்குலை இறக்குகிற இடத்தில்
சருகின் மேல் கிடந்தவள்.
கழுத்தில் கயிறு இல்லை,
கயிறு கிடந்த இடம் இருந்தது.
பின்னங்கால் ஒன்று ஏதோ சக்கரத்துக்குள் போய் வந்திருந்தது.

எழுபது நாள் என் வாடகை வீட்டில்.
மாடியில் இருக்கும் மரிய ஜெனட்டா
ஒன்றாம் தேதி ரூபாயை எண்ணிக்கொண்டே கேட்பார்:
"பட்டி போயாச்சா?"

பட்டி என்றால் காது அசையும்.
நாய் என்றால் அசையாது.
அப்படித்தான் தெரிந்தது,
கல்குளத்துக்கு மேற்கே எங்கோ ஒரு முற்றத்தில்
இவளை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்று.

வந்தார்கள்.
கருங்கல்காரர் குட்டி இல்லையா என்று
இருக்கிறவளைத் தாண்டி அறைக்குள் தேடினார்.
ஒருவர் என்ன ஜாதி என்றார்.
நாட்டு நாய் என்றேன்.
நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.
அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான்.

துபாயில் இருந்து லீவில் வந்த ஸெல்வின்ராஜ்
புது வீட்டின் படம் காட்டினான்,
கேட்டுக்கு மட்டும் மூன்று லட்சம்.
உள்ளே யார் இருப்பார்கள் என்றேன்.
இப்போதைக்கு யாருமில்லை, அதுக்குத்தானே நாய் என்றான்.
இல்லை என்று சொல்ல நேரம் பிடித்தது.
அன்று முப்பதாம் தேதி.

திங்கள்சந்தை ஆசிரியர் வீட்டில் கூட்டிப்போய்
நாலாம் நாள் கொண்டுவந்தார்கள்.
கடிக்கவில்லை, குரைக்கவில்லை, தரையை நனைக்கவில்லை.
"ராத்திரி மூணு மணிக்கு எழும்பி
வாசல்ல போய் நிக்குது மேடம்,
யாரோ வரப்போற மாதிரி."
வாங்கிய புதுத் தட்டையும் திருப்பித் தந்தார்கள்.

அந்த மூன்று மணி எனக்குத் தெரியும்.
உடம்பைச் சிலிர்த்து உதறி
கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்து
விடியும்வரை நிற்பாள்.
விட்டுப்போனவர்களைக் காத்திருக்கிறாள் என்று
நானே ஒரு கதை கட்டி
அதற்கு அழுதும் இருக்கிறேன்.

லீலாபாய் வந்தது ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து,
அருமனையில் இருந்து இரண்டு பஸ் மாறி.
சேலையில் பவுடர் மணம்.
அதற்கு அடியில், எந்தச் சோப்புக்கும் போகாத
ரப்பர் பாலின் புளிச்ச வாடை.
இவள் எழுந்தாள்.
நொண்டிக்கொண்டே போய்
அந்த விரல்களை ஒவ்வொன்றாக மோந்தாள்,
பற்றுச்சீட்டு சரிபார்க்கிறவளைப் போல.

மறைக்கக் கூடாது என்று சொன்னேன்:
மூணு மணிக்கு எழும்புவாள்.
"பின்ன நான் எப்பம் எழும்புவேன்னு நெனச்சே?
நானூறு மரம் கெடக்கு.
தலையில லைட்டக் கெட்டிட்டு ஒத்தையில போணும்.
பன்னி வரும். சிலப்பம் மனுசனும் வருவான்."

பால்வெட்டுகிற யாருடனோ இவள் நடந்திருப்பாளா,
அந்த யார் செத்தாரா, தோட்டம் கைமாறியதா,
கயிறு யாருடையது?
பல்லில் எழுதியிருக்கவில்லை.

கையெழுத்து வாங்க ஒரு தாள் வைத்திருந்தேன்:
கட்டிப்போட மாட்டேன், விற்க மாட்டேன்.
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
"எனக்குச் சொகமில்லாம ஆனா ஒன்ன விளிக்கணும்னு
இதுல இல்லியே" என்று
பேனாவை வாங்கி
கோணலாக அதையும் எழுதிச் சேர்த்தாள்.

பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் ஆட்டோ.
வளைவுவரை பார்த்து நின்றேன்,
திரும்பிப் பார்ப்பாள் என்று.
இல்லை. வெளியே நீட்டிய முகத்தில்
காற்றைத் தின்றுகொண்டு போனாள்.

இந்த ஒன்றாம் தேதி
மரிய ஜெனட்டா எண்ணி முடித்தும் கொஞ்சம் நின்றார்.
எதுவும் கேட்கவில்லை.

எனக்கு இப்போது மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது.
கதவுவரை போய்த் திரும்புகிறேன்.
நேற்று அந்நேரம் மழை, தகரக்கூரையில் விடாமல்.
இதில் வெட்டு இருக்காது.
அருமனையில் இரண்டு பேரும் உறங்கட்டும் என்று
விளக்கை அணைத்தேன்.