திறப்பு

கஸ்தூரியார் வீதியில் வாங்கிய தட்டு.
அட்டை போட்டோக்கொப்பி.
பெயரை யாரோ பச்சைப் பேனையால் எழுதியிருந்தார்,
அதிலும் ஓர் எழுத்துப் பிழை.
ஆறு மணிக்குப் பிறகு வீதி இல்லாத வருசம் அது.
வாகீசன் வீட்டில் ஒரு கணினி, எங்களிடம் ஒன்று,
தட்டு மட்டும் ஒன்றே ஒன்று,
வேலிக்கு மேலால் போய் வந்தது.

பதினாலாம் கதவு எனக்குத் திறக்கவில்லை.
உள்ளேயிருந்து ஒரு பெண்
"வெளியில் யார்?" என்று இங்கிலீசில் கேட்பாள்.
நான் நின்றுகொண்டே இருப்பேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் விளக்கை விற்றிருந்தேன்,
நாற்பது காசுக்கு, ஒரு கேடயம் வாங்க.
அதுதான் வினை என்று நினைத்தேன்.
திரும்பத் தொடங்கினேன். விற்கவில்லை.
திரும்ப. பிச்சைக்காரனுக்குக் காசு போட்டேன்.
திரும்ப. ஓநாயைக்கூட ஓடவிட்டேன்.
ஒன்பதாம் முறை ஒரு பொய் இல்லை, ஒரு பாண் களவு இல்லை;
பரிசளிப்பு விழாவுக்கு வந்தவள் மாதிரி
கதவடியில் போய் நின்றேன்.
கதவு கதவாகவே இருந்தது.

போன கிழமை
பெருவிலோ போலந்திலோ இருக்கிற
முகம் தெரியாத எவரோ செய்த ஒட்டு கிடைத்தது.
கூடவே நீளமாய் ஒரு குறிப்பு.
நான் நொத்தாரிசிடம் வேலை செய்கிறவள்,
குறிப்பைத்தான் முதலில் வாசிப்பேன்.
வரி இருநூற்றுப் பன்னிரண்டு:
பதினாலாம் கதவு. திறப்பு எந்தப் பெட்டியிலும் வைக்கப்படவில்லை.
இப்போது வைக்கப்பட்டுள்ளது.

தேத்தண்ணி ஆடை கட்டும்வரை
அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போடாத" என்றான் வாகீசன்.
இப்போது மின்சார சபையில் இருக்கிறான்.
"செய்தவன் செய்தபடி விளையாட வேணும்.
பிழையும் அவன்ர கைதான்."
கொப்பித் தட்டில் விளையாடினவன் சொல்கிறான்.
"ஒட்டில தொடங்குவாய், பிறகு புல்லு முளைக்கும்,
வாள் மினுங்கும், குதிரைக்குக் கண்மடல் வைப்பாய்,
கடைசியில அது வேற கேம்."

புல் விசயத்தில் அவன் சரி.
அந்தத் தரை சப்பையாய், மண்ணிறமாய்த்தான் கிடக்க வேணும்.
ஆனால் உறுதியில் இரண்டு குழி பிழைத்தால்
எழுதினவர் கை என்று விடுகிறோமா?
வெட்டி, மேலே எழுதி,
எந்த வரியில் எந்தச் சொல் என்று கடைசிப் பக்கத்தில் சொல்லி
ஒப்பம் வைக்கிறோம்.
சுரண்டி அழித்தால்தான் குற்றம்.

"அது காணி" என்றான். "இது ஆற்ற காணி?"
எனக்குப் பதில் வரவில்லை.

இரவு இரண்டு கோப்புறை செய்தேன்.
ஒன்றுக்கு 'அசல்' என்று பெயர் வைக்கச் சிரிப்பு வந்தது.
தமிழ்ப்படுத்தியும் ஒருவர் வைத்திருந்தார்; அதையும் போட்டேன்.
காவல்காரன் "வாங்க, உட்காருங்க" என்றான்.
கை கேட்கவில்லை. கோப்பைத் திறந்து
"வாங்கோ, இருங்கோ" ஆக்கினேன்.
இதை வாகீசனுக்குச் சொல்லவில்லை.

பழைய சேமிப்பில் திறப்பு வராதாம்.
பத்தாம் முறை தொடங்கினேன்.
கண்டவுடனே விளக்கை விற்றேன். அதே நாற்பது காசு.
பசியில்லாமலே ஒரு பாண் எடுத்தேன்.
திறப்பு,
நான் ஒன்பது முறையும் திறந்து பார்த்த வெறும்பெட்டியில் கிடந்தது.

சின்ன அறை. சுவரைப் பார்த்து நிற்கிறாள்.
பக்கத்தில், தோள் முட்டுகிற அளவில், போய் நின்றேன்.
"வெளியில் யார்?" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, "வெளியில் யார்?"
வேறு வசனம் அவளுக்கு எழுதப்படவில்லை.
ஒட்டுப் போட்டவரும் அதைத் தொடவில்லை,
அவர் திறப்பு மட்டும் வைக்கிறவர்.

கோப்பில் அவளுடைய வரி.
அதன் முன்னால் கர்சர் துடிக்கிறது.
எதை எழுதினாலும் நான் பேசுவதாகிவிடும்.

கரண்ட் போனது. யூபிஎஸ் கீச்சிட்டது.
ஏழு நிமிசம் தாங்கும்.
வாகீசனுக்கு அடித்தேன்: "எப்ப வரும்?"
நித்திரைக் குரலில் கேட்டான்:
"எங்க நிக்கிறாய்?"

"உள்ளுக்கு" என்றேன்.