கோரம்

முப்பத்து நான்கு வீடுகள்.
மூன்றில் ஒரு பங்கு வந்தால்தான் கூட்டம்.
பன்னிரண்டு பேர் என்கிறது விதிப்புத்தகம்,
கோத்தகிரி ஈரத்தில் பூசணம் பூத்த
பதினேழாம் பக்கத்தில்.

வந்தது பதினொன்று.
மற்றவர்கள் சென்னையில், பெங்களூரில்,
ஒருவர் மஸ்கட்டில்.
மே மாதம் வருவார்கள்,
வெந்நீர் ஏன் வரவில்லை என்று கேட்க.

கோரம் இல்லை என்றேன்.
"நம்ம கணக்கைப் பாத்தா கோரமாத்தான் இருக்கு"
என்றார் பொருளாளர் ஃபிலோமினா.
ஒவ்வொரு வருடமும் இதையேதான் சொல்கிறார்.
ஒவ்வொரு வருடமும்
தலைவர் பெள்ளன் மட்டும் சிரிக்கிறார்.

பேச இருந்தது ஒன்றே ஒன்று:
சி பிளாக்கின் பின்னால் தடுப்புச் சுவர்.
ஐப்பசி மழையில்
நாலு விரல் முன்னால் வந்திருக்கிறது.
சாக்பீஸால் குறித்து வைத்தேன், மழை அழித்தது.
பெயின்ட்டால் குறித்தேன்.
அருவங்காட்டு வெடிமருந்து ஆலையில்
முப்பத்தொரு வருடம் எடை பார்த்தவன்;
எது எப்போது கிளம்பும் என்பது
கொஞ்சம் தெரியும்.
சுவருக்கு மேலே தேயிலை,
தேயிலைக்கு மேலே சில்வர் ஓக்,
அதற்கும் மேலே
யார் தீர்மானமும் செல்லாத மேகம்.
வீட்டுக்குப் பதினெட்டாயிரம் ஆகும்.

நாற்காலிகளை மடிக்கத் தொடங்கினோம்.
காவலர் சன்னாசி டார்ச்சை அணைத்துவிட்டு
உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.
"கார் விடுற எடத்துல நிக்குது சார்.
ஒத்தை."

ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தோம்.
பெள்ளனின் ஆல்டோவை ஒட்டி
ஆல்டோவைவிடப் பெரிதாய் ஒரு காட்டெருமை,
நான்கு கால்களிலும் பள்ளிக்கூட வெள்ளைக் காலுறை.
மழை அதன் முதுகில் விழுந்து
புகையாகக் கிளம்பியது.

அப்போது பின்கதவை யாரோ இடித்தார்கள்.
டி-நான்கு வரதராஜுலு.
நான்கு வருடப் பராமரிப்புப் பாக்கி,
நாற்பத்து மூவாயிரத்து இருநூறு.
இந்தப் பக்கம் தலைகாட்டாதவர்
அரை லிட்டர் பால் பாக்கெட்டோடு
மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
பாக்கிதாரர் ஓட்டுப் போடக் கூடாது.
உட்காரக் கூடாது என்று எங்குமே இல்லை.
பதிவேட்டை நீட்டினேன்.
"எதுக்கு?"
"அது போற வரைக்கும் இருப்பீங்கல்ல. அதுக்கு."
வெளியே பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

சுவர் பதினொரு கைகளால் நிறைவேறியது.
தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார் வரதராஜுலு.
செய்தேன், எழுத்துப்பிழை இல்லாமல்.

கூட்டம் முடிந்தது எட்டு ஐம்பதுக்கு.
நாங்கள் கலைந்தது பத்து மணிக்கு.
நடுவில் நடந்ததற்கு மினிட்ஸ் புத்தகத்தில் இடமில்லை:
சன்னாசியின் கெட்டிலில்
வரதராஜுலுவின் பால்,
அரை லிட்டரைப் பதின்மூன்று பேருக்கு நீட்டிய
தண்ணீர்த் தேநீர்.
மனைவி போனபிறகு இந்த வீட்டு ரசீதுகள் எதையும்
பிரிப்பதில்லை என்றார் அவர்,
யாரையும் பார்க்காமல்.
யாரும் பதில் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து ஃபிலோமினா,
பாலுக்கு முப்பது ரூபாயை
அவர் கணக்கில் வரவு வைக்கலாமா என்று கேட்டார்.
கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.
பெள்ளன் சிரிக்கவில்லை.

காலையில் ஆல்டோ பக்கத்தில்
ஒரு கூடைச் சாணம்.
அள்ளுவது யார் வேலை என்று தேடினேன்.
விதியில் இல்லாததெல்லாம் செயலாளர் வேலை.
அள்ளிக்கொண்டுபோய்
சி பிளாக் ஹைட்ரேஞ்சியாவுக்குப் போட்டுவிட்டு
சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன்.
அது ஆடி நிற்கும் வரை
பொறுத்திருந்தேன்.

நாலு விரல்.
நாலரை இல்லை.