ஏழரை டன்

ராஜா சூலான் சாலையில்
கோபுர நிழல் விழுந்த கல்லிருக்கையில்
வங்கிப் பெண்கள் மூவர்
நாசி லெமாக் பொட்டலம் பிரிக்கிறார்கள்.
ஒரு சொட்டு சம்பல் கருங்கல்லில் விழ
சட்டென்று துடைக்கிறாள் ஒருத்தி,
தன் வீட்டு மேசையைப்போல.

அவளுக்குத் தெரியாது,
ஏழரை டன் லோரி
மணிக்கு எண்பது கிலோமீட்டரில் வந்து மோதினாலும்
அந்த மேசை அசையாது என்று.
எனக்குத் தெரியும். வரைந்தவள் நான்.
கல்லுக்குள் எஃகுக் குழாய்,
குழாய்க்குள் கான்கிரீட்,
தரைக்கடியில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு வேர்.
அடுத்த தொட்டியில் செம்பருத்தி.
அதன் மண்ணுக்குள்ளும் இரும்புதான்.

முதலில் அவர்கள் கேட்டது வேலி.
எட்டடி உயரம், உச்சியில் முள்.
"பார்த்ததும் பயம் வரணும்" என்றார் மிஸ்டர் கூ.
பயந்தவன் வாசலில் யார் வந்து உட்காருவார்கள் என்றேன்.
"யாரும் உட்கார வேண்டாமே."
மூன்று கூட்டம், முப்பது கோப்பி.
நான் ஜெயித்ததாகச் சொல்லமாட்டேன்;
மாநகர மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது,
வேலி செத்தது.

பிறகு, கல் வந்து இறங்கிய வாரம்,
இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல்:
ஒவ்வோர் இருக்கைக்கும் நடுவே இரும்புக் கைப்பிடி வேண்டும்.
யாரும் படுத்துவிடக் கூடாது.

லோரிக்குக் கணக்கு போட்டவள் நான்:
எடை, வேகம், மோதும் கோணம்.
படுத்திருப்பவனுக்கும் போட்டுப் பார்த்தேன்.
அறுபது கிலோ.
மணிக்குச் சுழியம் கிலோமீட்டர்.

'எஃப்' திருத்தத்தில் கைப்பிடி இருந்தது.
'ஜி'யில் இல்லை.
கைத்தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
கல் பதித்தாகிவிட்டது, இனித் துளையிட்டால் வெடிக்கும்
என்றும் சேர்த்துக்கொண்டேன்.
அதில் பாதி உண்மை.

நேற்றிரவு கடைசி மோனோரெயிலுக்கு நடந்தபோது
மூன்றாவது இருக்கையில்
சாப்பாடு கொண்டுபோகும் பையன் ஒருவன்
ஹெல்மெட்டைத் தலைக்குக் கொடுத்து நீட்டிப் படுத்திருந்தான்.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
காவலர் டெக் பகதூர் டார்ச்சோடு வந்தார்,
முகத்தில் ஒரு கணம் அடித்தார், அணைத்தார்.
என்னைப் பார்த்து,
திருடியவரைப்போல, சிரித்தார்.
இருக்கையின் மறுமுனையில் உட்கார்ந்து
ஒரு பூட்ஸை மட்டும் கழற்றினார்.

சாலை முனையில் குப்பை லோரி ஒன்று திரும்பியது.
எங்கள் மூவரில் நான் மட்டும்
அதன் வேகத்தை அளந்துகொண்டு நின்றேன்,
அது கடந்துபோகும் வரைக்கும்.